எரியாத திரவம்

எண்ணெய்க் கறை படிந்த சட்டையைப் பெற்றோல் தோய்த்த துணியினால் துடைப்பவர்களை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். கறை போய்விடும், அருகிலே விளக்கு எரிந்தால் துடைத்தவரும் போய்விடக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டு நகரங்களிலே உலர் சலவைத் தொழில் செய்தோரை ஓயாது வாட்டிய அச்சம் இதுவே. கொழுப்பைக் கரைக்கவும் வேண்டும், தீப்பற்றவும் கூடாது என்று அவர்கள் தேடினர். அவ்விரு குணங்களும் ஒருங்கே அமைந்த திரவம் ஒன்று கிடைத்தபோது அதனை வரப்பிரசாதமெனக் கொண்டாடியதில் வியப்பில்லை. அதன் பெயர் காபன் நாற்குளோரைட்டு.

இதனை 1839ஆம் ஆண்டிலே முதன்முதல் ஆக்கியவர் ரெனோ என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். நிறமற்றது, குளோரபோமைப் போன்று சற்றே இனிய மணமுடையது. குளோரபோமைச் சத்திரசிகிச்சையிற் புகுத்திய எடின்பரோ வைத்தியர் சிம்சன், அதன் உறவினமாகிய இத்திரவத்தையும் மயக்க மருந்தாகப் பரிசோதித்து, 1865இல் அதுபற்றி எழுதினார். மயக்கம் உண்டாயிற்று, ஆயினும் இருதயத்தைக் குளோரபோமிலும் மிகுதியாகத் தளர்த்துவது தெரிந்தமையால் வைத்தியர்கள் அதனை ஏற்கவில்லை. ஆகவே, இதன் ஆவி உயிருக்கு ஊறு செய்யவல்லது என்பது தொடக்கத்திலேயே ஏட்டில் ஏறிவிட்ட செய்தி. அந்த ஏட்டைச் சலவைக்காரரும் சிகையலங்காரக்காரரும் படித்திருக்க நியாயமில்லை.

இலண்டனிலே 1897இல், பெற்றோலியத் தைலத்தினாற் கூந்தலைச் சுத்தஞ் செய்துகொண்டிருந்த மாது ஒருவர் தீப்பற்றி இறந்தார். இத்தகைய விபத்துகளுக்கு அஞ்சியே சிகையலங்கார நிலையங்கள் எரியாத திரவத்தை நாடின. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1909ஆம் ஆண்டில், அதே நகரத்தின் புகழ்பெற்ற ஹரொட்ஸ் பண்டசாலையில் காபன் நாற்குளோரைட்டினால் தலை கழுவுவித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருவர் நாற்காலியிலேயே மயங்கி, சில நிமிடங்களில் உயிர்நீத்தார். பணியாளர் இருவர்மீது வழக்குத் தொடரப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. தீக்குத் தப்ப வழி தேடியவர்கள் மூச்சை மறந்துவிட்டார்கள்!

இத்துணை வெளிச்சமான ஒரு மரணத்திற்குப் பின்னரும் இத்திரவத்தின் செல்வாக்குக் குன்றவில்லை. பெருகிற்று என்றே சொல்லவேண்டும். அமெரிக்காவிலே கறைநீக்கியாகப் போத்தல்களில் அடைத்து மருந்துக்கடைகளில் விற்றார்கள். தீயணைக்குங் கருவிகளில் நிரப்பி மோட்டார் வண்டிகளிலும் வீடுகளிலும் வைத்தார்கள். கண்ணாடிக் குண்டுகளில் அடைத்துச் சுவரிலே தொங்கவிட்டதும் உண்டு. தீயை நோக்கி அதனை வீசவேண்டும். தீயின் வெப்பத்திலே இத்திரவம் சிதைந்து, முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட பொசுசீனை உண்டாக்கும் என்பதை வீட்டுக்காரர் எவ்வாறு அறிவார்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களில் வெறுங்காலோடு உழைத்த தென்னிந்தியத் தொழிலாளரைக் கொழுக்கிப் புழு பெரிதும் வருத்தியது. இரத்தம் வற்றி, உடல் வெளுத்து, நின்ற இடத்திற் சோர்ந்து விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்க றொக்பெல்லர் நிதியத்தின் துணையுடன் 1916இல் இங்கே புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. அமெரிக்க விலங்கு வைத்திய அறிஞரான மோரிஸ் ஹோல் 1921இல் காபன் நாற்குளோரைட்டை நாய்களுக்குக் கொடுத்துப் புழு வெளியேறுவதைக் கண்டார். பின்னர் தாமே 3 கன சென்ரிமீற்றர் பருகியும் பார்த்தார். மலிவான மருந்து, ஒரே வேளை போதும். மறு ஆண்டே அது இலங்கையிற் பரீட்சிக்கப்பட்டது. ஈரலில் அது என்ன செய்கின்றது என்பதுபற்றி இங்கு பணியாற்றிய வைத்தியர்கள் 1922இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினர். பெரும்பாலோர் குணமடைந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் கறைநீக்கியை வாங்கிய அமெரிக்க இல்லத்தரசி தன் காசைக் கொடுத்துத் தானே தெரிந்து வாங்கினாள். வரிசையிலே நின்று மருந்தை விழுங்கிய தோட்டத் தொழிலாளிக்கு அத்தெரிவுகூட இருந்ததென நான் எண்ணவில்லை. எழுதிய வைத்தியர் பெயர்கள் சஞ்சிகையில் உள்ளன. விழுங்கியவர்களை அறிய அவ்வழியும் இல்லை.

இந்நஞ்சின் கபடம் அதன் தாமதத்திலே உள்ளது. நஞ்சை முறிப்பது ஈரலின் கடமை. இத்திரவத்தையோ, ஈரல் முறிக்க முற்படும்போதுதான் அது உக்கிரமான மூலிகமாக மாறி, ஈரலின் கலங்களையே அழிக்கின்றது. முதல் நாளில் தலைவலியும் குமட்டலும். அவை தணிந்தபின், ஓரிரு நாட்களில் கண்கள் மஞ்சளிக்கும். பின்பு சிறுநீர் குறையும். அதற்குள் கம்பளத்தைத் துடைத்த கதையை நோயாளியே மறந்திருப்பார். மதுப்பழக்கம் உள்ளவருக்கு ஆபத்துப் பன்மடங்கு. மதுவானது, இத்திரவத்தை மாற்றும் நொதியத்தின் அளவை ஈரலிலே பெருக்கிவிடுவதே அதன் காரணம்.

வீட்டுப் பாவனைப் பொருள்களில் இதனைச் சேர்ப்பதை அமெரிக்க அரசாங்கம் தடைசெய்தது 1970இலேதான். சிம்சன் எழுதி நூற்றைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. இதன் ஆவி வளிமண்டலத்தின் ஓசோன் படையைச் சிதைப்பதும் பின்னர் தெரியவர, 1990இல் இலண்டனிற் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் மொன்றியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் இது கொண்டுவரப்பட்டது.

இதன் இடத்தைப் பிடித்தது எது? உலர் சலவையிலே நாற்குளோரோ எதிலீன் என்னும் மற்றோர் எரியாத திரவம். புழு மருந்தாகவும் அதுவே வந்தது. 1925இல் அதனை முன்மொழிந்தவர்களுள் ஒருவர் அதே ஹோல்தான். பழைய திரவத்திலும் அது சாதுவானது என்பது மெய். ஆயினும், மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புடையது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதனை வகுத்துள்ளது. அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட விதி, வீட்டுப் பாவனைப் பொருள்களில் அதனை விலக்குமாறு பணித்தது. உலர் சலவைக்காரருக்கு மட்டும், படிப்படியாகக் கைவிடும்படி பத்தாண்டு தவணை கொடுத்தது.