எஞ்சின் கொட்டகையிலிருந்து டர்போ வரை: கெடாவில் எண்ணெய்க் கசிவு பார்க்கும் தொழில்

டீசல் வண்டியின் டர்போவில் எண்ணெய் கசிந்தால், கோளாறு பெரும்பாலும் டர்போவுக்கு வெளியே இருக்கும். அடைபட்ட ஏர் பில்டர், நசுங்கிய வடிகுழாய், எஞ்சினுக்குள் ஏறிப்போன காற்றழுத்தம் என்று காரணம் வேறெங்கோ உட்கார்ந்திருக்க, கசிவு மட்டும் டர்போவில் தெரியும். கெடாவின் ரப்பர் தோட்டங்களில் எஞ்சின் பழகிய முதல் தலைமுறைக்கு இப்படி ஒரு நிலைமையே தெரியாது. அவர்கள் கையாண்ட எஞ்சின்களில் எண்ணெய் சொட்டுவது பழுதே அல்ல; சொட்டிய எண்ணெயே உள்ளே இருந்த பழுதைக் காட்டியது.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டே உலகச் சந்தையில் ரப்பர் விலை எகிறியது. கூலிம், கோலமூடா மாவட்டங்களின் காடுகள் தோட்டங்களாயின. 1915இல் ரயில் பாதை அலோர்ஸ்டாரைத் தொட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள் கங்காணிகளின் பின்னால் பீடோங், லூனாஸ், பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கையில் பால்வெட்டும் கத்தி கிடைத்தது. சிலர் தோட்டத் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அங்கே காலையில் வந்து சேரும் பாலில் அமிலம் கலந்து உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்கிப் புகைக்கூடத்தில் உலர்த்துவார்கள். சாதாரணத் தகட்டைக் கையால் சுழற்றும் உருளையிலும் தேய்த்துவிடலாம். கிரேப் ரப்பருக்கு அது போதாது. கனத்த இரும்பு உருளைகளைச் சுழற்றக் கூரையடியில் ஒரு நீண்ட தண்டும், அதிலிருந்து இறங்கும் தோல் பட்டைகளும், எல்லாவற்றுக்கும் மூலமாக ஓர் எஞ்சினும் வேண்டியிருந்தது. எஞ்சின் நின்றால் அன்றைய பால் வீண்.

அக்காலத்து எண்ணெய் எஞ்சின்களில் பல ஒற்றைச் சிலிண்டர் கொண்டவை. ஆளுயரச் சக்கரம் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளே சுற்றும். ஹார்ன்ஸ்பி-அக்ராய்டு வகை எஞ்சினில், கிளப்புவதற்கு முன் சிலிண்டர் தலையிலிருக்கும் குமிழை ஊதுவிளக்கால் சில நிமிடங்கள் சூடேற்ற வேண்டும். பேரிங்குகளின் மேல் பித்தளை மூடியிட்ட கண்ணாடிக் குப்பிகள் நிற்கும். குப்பியின் அடியிலிருக்கும் சிறு சாளரத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுவது தெரியும். ஊசியைத் திருகிச் சொட்டின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இப்படி விழுந்த எண்ணெய் திரும்பி வராது. பேரிங்கை நனைத்துவிட்டுத் தரையில் வைத்த தட்டில் வழிந்து சேரும். எண்ணெய் வழிவது அந்த எஞ்சினின் இயல்பு, வழியாமல் நின்றால்தான் ஆபத்து. வழிந்த எண்ணெயின் நிறம், அதில் மின்னும் உலோகத் துகள், புகைபோக்கியில் வரும் புகை இவற்றை வைத்தே உள்ளே தேய்வது எது என்று சொல்லிவிட முடியும்.

பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர்களுக்கும் கொட்டகையில் நின்று கண்ணாலும் காதாலும் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் அது. தோட்ட வரலாறுகளில் துரைக்கும் கங்காணிக்கும் பால்வெட்டுக்காரருக்கும் இடமுண்டு. எஞ்சின் கொட்டகை ஆட்களுக்கு ஒரு வரி கிடைப்பது அரிது. தமிழர்கள் நகரத்துப் பட்டறைத் தொழிலுக்குள் நுழைந்த வாசல்களில் அந்தக் கொட்டகையும் ஒன்று என்பதால் இந்த விடுபடல் பெரிய குறை. எஞ்சின் ஓட்டுவது தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டிய வேலையாகச் சட்டத்திலும் இடம்பெற்றது. 1967ஆம் ஆண்டு தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டமும் அதன் கீழ் 1970இல் வந்த விதிகளும் நீராவி எஞ்சினுக்கும் உள்ளெரி எஞ்சினுக்கும் ஓட்டுநர் தகுதியைத் தரம் பிரித்து வகுத்தன.

அந்தச் சட்டத்துக்கு முன்பே, போர்க்காலம் எண்ணெயின் அருமையை வேறு விதமாக உணர்த்தியிருந்தது. 1941 டிசம்பரில் ஜித்ராவிலும் பிறகு குரூணிலும் பிரிட்டிஷ் படைகள் தோற்றுப் பின்வாங்கின. ஜப்பானியர் காலத்தில் ரப்பருக்கு வெளிச்சந்தை இல்லை, எரிபொருளும் மசகெண்ணெயும் வந்து இறங்கவில்லை. மலாயாவில் ரப்பரையே காய்ச்சி வடித்து எரிபொருள் எடுத்தார்கள். செம்பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் எஞ்சின்களுக்குப் போயின. தாவர எண்ணெய் சூட்டில் கெட்டியாகிப் பிசினாகப் படியும், குழாய்களை அடைக்கும். எண்ணெய் போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கடுமையான பாடம் இருக்க முடியாது.

டர்போ அதற்குள் உலகில் வேரூன்றியிருந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் இந்த ஏற்பாட்டுக்குச் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். 1920களில் அது கப்பல் எஞ்சின்களில் ஏறியது. 1957இல் மலாயா ரயில்வே வாங்கிய இங்கிலீஷ் எலெக்ட்ரிக் டீசல் ரயில் எஞ்சின்கள் டர்போ பூட்டியவை. தோட்டத்து வண்டிகளுக்கு அது வரப் பல காலம் பிடித்தது. மாஸி பெர்குசன் டிராக்டர்களும் பெட்ஃபோர்டு லோரிகளும் பெரும்பாலும் டர்போ இல்லாமலே ஓடின.

இதற்கிடையில் தோட்டங்களே மாறின. அவை துண்டாடப்பட்டு விற்கப்படுவதைத் தடுக்க அரசியல் தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. லயங்களிலிருந்து குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் நகர்ந்தன. பழைய ரப்பர் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பாடாங் மேஹாவில் இன்று இனோகோம் கார்த் தொழிற்சாலை இருக்கிறது. 1978இல் மெர்சிடிஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த டர்போ டீசல் காரிலிருந்து தொடங்கிய மாற்றம், பஜேரோ, டுரூப்பர் போன்ற வண்டிகள் வழியாக இந்த ஊர்களுக்கும் வந்தது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதும் திறந்தது. 2000களின் நடுவில் ஹைலக்ஸ், டிரைட்டன் வகைப் பிக்கப்புகள் செம்பனைத் தோட்டச் சாலைகளில் சாதாரணக் காட்சியாகின. போமன்கள் எனப்படும் பட்டறை மெக்கானிக்குகள் முன் டர்போ வரிசையாக வந்து நின்றது அப்போதுதான்.

சிறிய டீசல் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பேரிங்கில் உலோகம் உலோகத்தைத் தொடாது. தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும். அந்த வேகத்திலும் சூட்டிலும் ரப்பர் சீல் நிலைக்காது. மெல்லிய உலோக வளையங்களும், இருபுறச் சக்கர அறைகளில் இருக்கும் காற்றழுத்தமுமே எண்ணெயை நடுவில் நிறுத்துகின்றன. எண்ணெய் அழுத்தத்தோடு மேலே வரும், தன் எடையால் மட்டுமே கீழே வடியும். ஆகவே வடிகுழாய் அகலமாகவும் ஏறக்குறைய நேராகவும் இறங்க வேண்டும். அது நசுங்கினாலோ, கேஸ்கெட்டோடு தடவிய சிலிக்கான் பசை உள்ளே பிதுங்கினாலோ, எஞ்சினில் எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ, நல்ல டர்போவும் கசியும்.

அதனால் தேர்ந்த போமன் டர்போவைக் கழற்றுவதற்கு முன் சுற்றுப்புறத்தைத் துடைப்பார். மேலேயுள்ள வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து ஒழுகும் எண்ணெய் டர்போ மேல் வழிந்து ஏமாற்றும். துடைத்து உலர்ந்த இடத்தில் முகப்பவுடரைத் தூவி எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டால் எண்ணெய் புறப்படும் இடம் பவுடரில் ஈரக் கோடாகத் தெரிந்துவிடும். அடுத்து ஏர் பில்டர். தோட்டச் சாலைகளின் செம்மண் தூசு அதை அடைத்திருந்தால், காற்றுக்குத் தவிக்கும் சக்கரம் எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடும். பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பார். புகை குபுகுபுவென்று தள்ளினால் எஞ்சினின் உள்காற்றை வெளிவிடும் பிரீதர் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறினால் டர்போவின் எண்ணெய் வடிய வழியில்லை.

டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. அடியில் தேங்கியிருந்தால் கவனம் வேண்டும்: டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல் வெறிகொண்டு ஓடக்கூடும். காற்று போகும் வாயை அடைப்பது அப்போது உள்ள முக்கிய வழி; வெறும் கையை அங்கே வைக்கக் கூடாது.

நீலப்புகை வந்தால் முடிவு புகைப்பாதையில் கிடைக்கும். எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகை வரும் மேனிபோல்டு ஈரமாக இருந்தால் எண்ணெயை எரிப்பது எஞ்சின். மேனிபோல்டு உலர்ந்தும் டர்போவின் வெளிவாய் நனைந்தும் இருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம். கடைசியாகத் தண்டைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். எண்ணெய்ப் படலம் இல்லாத நிலையில் பக்கவாட்டில் சிறிது ஆடுவது சரி. முன்னும் பின்னும் ஆடினாலோ சக்கரம் உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போ முடிந்தது.

இன்றைய வண்டிகளில் புகைவடிகட்டியும் உண்டு. யூரோ 5 டீசல் 2021இல் மலேசியத் தீபகற்பம் முழுக்கப் புழக்கத்துக்கு வந்தது. வடிகட்டியுள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே ஊற்ற வேண்டும். அந்த வடிகட்டி அடைபட்டால் டர்போவின் பின்புறம் அழுத்தம் கூடும். ஸ்கேனர் அந்த அழுத்தத்தைக் காட்டும், எண்ணெய் எந்த இடத்தில் புறப்பட்டது என்று காட்டாது. மாற்று டர்போ பூட்டும்போது எண்ணெய் வரும் குழாயைப் புதிதாகப் போட்டு, இன்டர்கூலரைக் கழுவி உலர்த்தி, டர்போவுக்குள் கையால் எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றிப் பார்ப்பது முறை. வடிகுழாயில் எண்ணெய் வந்த பிறகே எஞ்சின் கிளப்பப்படும், சில நிமிடங்கள் ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடவிடப்படும்.