நுங்கம்பாக்கத்து மழைக்கணக்கு

சென்னையின் வானிலையைக் குறித்துவைக்கும் வழக்கம் மழையைப் பார்த்துத் தொடங்கியதல்ல, விண்மீன்களைப் பார்த்துத் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் நடத்திவந்தார். அது கம்பெனியின் கைக்கு மாறி, மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. தொலைநோக்கி அசையாமல் இருக்க நட்ட கருங்கல் தூண், சுமார் 10 டன் எடை, இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. பின்னால் வருவோர் படித்தறியட்டும் என்று அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

விண்மீன் பார்ப்பவருக்கு வெப்பமானியும் காற்றழுத்தமானியும் எதற்கு? விண்மீனின் ஒளி காற்றுக்குள் நுழையும்போது சற்று வளையும். எவ்வளவு வளையும் என்பது அந்த நேரத்துக் காற்றின் சூட்டையும் அழுத்தத்தையும் பொறுத்தது. அவற்றைக் குறிக்காமல் விண்மீனின் இடத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் எழுதத் தொடங்கிய வானிலைக் குறிப்பேடு அப்படிப் பிறந்ததுதான். மழைக்கணக்கு 1813-இலிருந்து கிடைக்கிறது. வேறொன்றுக்குத் துணையாக வந்த எண்களே கடைசியில் நகரத்தின் பெரிய செல்வமாயின.

அந்த எண்கள் யாரையும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. எச்சரிக்கை தேவைப்பட்டது கடலில். சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் ஒதுங்க இடமில்லை. 1746-இல் நகரத்தைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படையே அந்த அக்டோபர்ப் புயலில் சிதைந்தது. பிறகு துறைமுகம் கட்டத் தொடங்கியபோதும், பாதி எழுந்த அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப் போட்டது.

1864-இல் கொல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் மழை பொய்த்தது. இரண்டும் சேர்ந்து அரசை உலுக்க, 1875-இல் இந்திய வானிலைத் துறை உருவானது. தந்திக் கம்பி வழியே பல ஊர்களின் அளவீடுகள் ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்ந்ததுதான் உண்மையான திருப்பம். ஓர் ஊரின் காற்றழுத்தம் வெறும் எண். பத்து ஊர்களின் அழுத்தத்தை வரைபடத்தில் வைத்தால் புயல் எங்கே நிற்கிறது என்று தெரியும். 1899-இல் வானியல் பணி கொடைக்கானலுக்குப் போக, நுங்கம்பாக்கம் வானிலைக்கே உரியதாயிற்று. 1945-இல் மண்டல மையமும் இங்கே அமைந்தது.

கடலோர மக்களுக்கு முன்னறிவிப்பு என்றால் கூண்டுதான். துறைமுகத்தில் பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகளும் ஏறும். ஒன்றாம் எண், தொலைவில் புயல் உருவாகக்கூடிய நிலையைக் குறிக்கும். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினோராம் எண்தான் எல்லாவற்றிலும் அச்சமூட்டுவது: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

நுங்கம்பாக்கத்தில் நாள்தோறும் நடக்கும் வேலை எளிமையானது. காலை 8.30-க்கு அலுவலர் திறந்தவெளித் திடலுக்குப் போகிறார். சாய்பலகை வைத்த வெள்ளை மரக்கூண்டைத் திறந்து வெப்பமானிகளைப் பார்க்கிறார். மழைமானியின் புனலைத் தூக்கி, உள்ளிருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் படிக்கிறார். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது மழைநாள் கணக்கில் சேராது. உலக நேரம் மூன்று மணி ஆகும்போது இங்கே எட்டரை. அதே நொடியில் உலகமெங்கும் அளவெடுக்கிறார்கள்.

இந்தத் தொடர்ச்சி இருப்பதால்தான் 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பெய்த 1,049 மி.மீ. மழை, 1918 நவம்பரின் 1,088 மி.மீட்டரை எட்டவில்லை என்று சொல்ல முடிகிறது. 2003 மே 31-இல் பதிவான 45 டிகிரி வெயிலை நகரத்தின் உச்சம் என்பதும் இந்தக் குறிப்பேட்டின் பலத்தில்தான்.

மழையை முன்னே சொல்லும் ஆசை கருவிகளுக்கும் முந்தியது. மார்கழியில் கர்ப்போட்டம் பார்த்து, மேகம் கருக்கொண்ட நாட்களை எண்ணி, அடுத்த ஆண்டு மழையைப் பஞ்சாங்கம் கணித்தது. புயலையும் அடுத்த சில நாட்களையும் கணிக்க வேறு வழி தேவைப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1973-இல் புயல் கண்டறியும் ரேடார் வந்தது. 2002-இல் அதற்குப் பதிலாக வந்த டாப்ளர் ரேடார், மேகம் இருக்குமிடத்தோடு அதனுள் காற்று எத்திசையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதையும் காட்டியது. 1988-இல் தொடங்கிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையம் கணினி மாதிரிகளை நாட்டுக்குக் கொண்டுவந்தது. இப்போது நகரத்துக்கான ஏழு நாள் முன்னறிவிப்பு அவற்றின்மேல் நிற்கிறது.

முன்னறிவிப்பின் சொற்களும் அளந்து எடுத்தவை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அப்பகுதியின் கால்பங்கு நிலையங்களுக்கு மேற்படாது. ‘கனமழை’ 64.5 மி.மீட்டரில் தொடங்குகிறது, ‘அதிகனமழை’ 204.5-இல். முதல் இரண்டு நாட்களின் கணிப்பு ஒப்பளவில் உறுதியானது. ஐந்தாம், ஆறாம் நாளுக்குரியது நாள் நெருங்க நெருங்கத் திருத்தப்படும்.