பழையது, பலகாரம், மாத்திரை: கௌதள்ளி வழியில் காலை உணவின் வரலாறு

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி அமைந்துள்ளது. மலை இறங்கினால் மேட்டூர்ப் பக்கத்துக் காவிரிக் கரை. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பில் அது மைசூருடன் இணைந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது இப்பகுதி புதிய மாவட்டத்திற்குள் வந்தது. எல்லைகள் மாறினாலும் மழையை நம்பிய மேட்டுநிலம் அப்படியே இருந்தது. கன்னடம் பேசும் வீட்டிற்கும் தமிழ் பேசும் வீட்டிற்கும் அந்நிலம் தந்த பொதுத் தானியம் ராகி.

காலை உணவைத் தவிர்க்காதீர்கள், இரத்தச் சர்க்கரை சீராக இருக்கும் என்பது இன்று மருத்துவமனைச் சுவர்களில் காணப்படும் அறிவுரை. இவ்வறிவுரை நேரத்தைக் குறிப்பிடுகிறது. எந்தத் தானியம், எத்தகைய உழைப்பு என்பவற்றைக் குறிப்பிடுவதில்லை. கௌதள்ளி போன்ற எல்லையோர ஊர்களின் உணவு வரலாற்றில் நேரம், தானியம், உழைப்பு ஆகிய மூன்றும் நெடுங்காலம் ஒன்றாகப் பிணைந்திருந்தன. அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்த வரலாறே இப்பகுதியில் நீரிழிவின் வரலாறும் ஆகும்.

முதலில் சொற்களைக் கவனிக்கலாம். முந்தைய இரவில் சமைத்து எஞ்சியதைத் தமிழ் 'பழையது' என்றது. கன்னடம் 'தங்களு' என்றது. இரு சொற்களும் உணவை அது உண்ணப்படும் பொழுதால் குறிக்கவில்லை, நேற்றைய உணவு என்ற தன்மையால் குறித்தன. இரவில் கிண்டிய களியின் மிச்சத்தை (கன்னடத்தில் முத்தே) மோரில் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குச் செல்வது உழவர் குடும்பங்களின் வழக்கம். 'காலை உணவு' என்று கடிகாரத்தைக் கொண்டு பெயரிடும் வழக்கம் பள்ளி, அலுவலகம், ஆலை, மருத்துவமனை ஆகியவற்றுடன் வலுப்பெற்றது.

திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு, 1800இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் சென்னையிலிருந்து மைசூர், கனரா, மலபார் பகுதிகளில் பயணம் செய்தார். மைசூர் நாட்டிலிருந்து அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்கியது காவேரிபுரம் கணவாய் வழியாக. ஹனூரும் கௌதள்ளியும் அவ்வழியில் உள்ள ஊர்கள். 1807இல் வெளிவந்த அவருடைய பயண நூல், மேட்டுநிலப் பயிர்களில் ராகியே தலையாயது என்றும், உழைக்கும் மக்களின் அன்றாட உணவு அதுவே என்றும் பதிவு செய்கிறது. கன்னடத்தில் 'ஹகேவு' எனப்படும் நிலத்தடிக் குழிகளில் பல ஆண்டுகள் கெடாமல் இருப்பது இத்தானியத்தின் மற்றொரு சிறப்பு.

இதைப் பொற்காலமாகக் காண்பது பிழையாகும். ராகி உண்டவர்கள் சர்க்கரை அளவை எண்ணி அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நெல் அவர்களுக்குக் கிட்டாத பொருள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் தானியக் குழிகளும் வெறுமையாயின. மைசூர் அரசின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 50 லட்சமாக இருந்தது. 1881 கணக்கெடுப்பில் அது 42 லட்சத்திற்குக் குறைந்தது. காலையில் குடித்த கூழ் பல வீடுகளில் அன்றைய ஒரே உறுதியான உணவு. அதன் பின் நண்பகல் கடந்தும் தொடர்ந்த உடலுழைப்பு, உட்கொண்ட மாவுச்சத்தைச் செலவழித்தது.

அக்காலத்தில் நீரிழிவு வசதி படைத்தோரின் நோயாகவே அறியப்பட்டது. வெப்பமண்டல நாடுகளில் நீரிழிவு பற்றி 1907இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் நடத்திய விவாதத்தில், கல்கத்தாவின் படித்த, உட்கார்ந்து பணிபுரியும் வகுப்பினரிடையே இந்நோய் மிகுந்திருப்பது முதன்மையாகப் பேசப்பட்டது. அரிசி, இனிப்பு, நெய், உடலுழைப்பின்மை என்னும் சேர்க்கை அன்று ஒரு சிறு வகுப்பினருக்கே வாய்த்தது. அச்சேர்க்கை பிறருக்கும் பரவிய விதத்தைத் தென் கர்நாடகத்தில் தெளிவாகக் காணலாம்.

1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் பணி 1931இல் முடிவுற்றது. மண்டியாவின் ராகிக் காடுகளில் கால்வாய் நீர் பாய்ந்தது. நெல்லும் கரும்பும் பரவின. 1933இல் மைசூர் சர்க்கரைக் கம்பெனி மண்டியாவில் நிறுவப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் இரகங்கள் வந்தன. ராகியிலும் ஆய்வு நடந்தது. மண்டியா வேளாண் ஆய்வு நிலையத்தில் இலட்சுமணய்யா இந்திய, ஆப்பிரிக்க இரகங்களைக் கலந்து 'இண்டாஃப்' வரிசையை உருவாக்கினார். எனினும் நீர், கொள்முதல், நியாயவிலைக் கடை ஆகிய மூன்றும் சேர்ந்து தாங்கியது அரிசியையும் கோதுமையையுமே. கால்வாய் எட்டாத கௌதள்ளிப் பக்க மேட்டுநிலத்தில் ராகி விளைந்துகொண்டே இருந்தது. ஆயினும் கடை வழியாக அரிசி அங்கும் சென்றது. 2013இல் கர்நாடக அரசு தொடங்கிய அன்னபாக்கிய திட்டம் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வழங்கியது. பசியைத் தணித்த பெருஞ்செயல் அது. அதே வேளையில், ஒரு தலைமுறைக்கு முன் பண்டிகை உணவாக இருந்த தீட்டிய வெள்ளை அரிசியை அது அன்றாட உணவாக நிலைபெறச் செய்தது.

காலைப் பொழுதும் உருமாறியது. ஆங்கிலோ இந்தியர் வழக்கில் நண்பகல் இலகு உணவைக் குறித்த 'டிபன்' என்னும் சொல், தென்னிந்தியாவில் இட்லி, தோசை, உப்புமாவுக்குப் பெயராயிற்று. உடுப்பி உணவகங்கள் நகரங்களில் பலகாரத்தைப் பொதுச் சுவையாக்கின. இட்லியின் மூலத்தை 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் குறிக்கப்படும் 'இட்டலிகெ' வரை தேடிச் சென்றவர் உணவு வரலாற்றாளர் கே.டி. ஆச்சயா. அவர் 1923இல் பிறந்த ஊர், அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால். நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்தபோது தமிழ்ச் சமூகத்தில் எழுந்த பதற்றங்களை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' ஆராய்கிறது. நகர நடுத்தர வகுப்பில் காப்பிக்குப் பின் பலகாரம் வந்தது. கூலித் தொழிலாளிக்கோ பல வேளைகளில் சர்க்கரை கலந்த தேநீர் மட்டுமே வந்தது.

இம்மாற்றங்கள் உடலில் என்ன செய்கின்றன என்பதை அறிவியல் தனித்தனி வழிகளில் கண்டறிந்தது. கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்ட 1921, 1922ஆம் ஆண்டுகளிலேயே, ஐரோப்பாவில் ஸ்டாப், டிராகாட் என்னும் இருவர் ஒரு வியப்பைப் பதிவு செய்தனர். சிறிது இடைவெளியில் இரு முறை குளுக்கோஸ் கொடுத்தால், இரண்டாம் முறை இரத்தச் சர்க்கரை குறைவாகவே உயர்ந்தது. முதல் உணவு உடலை இரண்டாவதற்கு ஆயத்தப்படுத்துகிறது. நீண்ட பட்டினியில் இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் மிகும். அப்போது தசைகள் இன்சுலினுக்கு மந்தமாகவே செவிசாய்க்கும். காலை உணவு அந்நிலையை மாற்றிவிடுகிறது. 2015இல் டேனியலா ஜாக்குபோவிச் குழுவினர் வெளியிட்ட, இரண்டாம் வகை நீரிழிவுடைய 22 பேரிடம் நடத்திய ஆய்வு இதனுடன் இயைந்தது. காலை உணவைத் தவிர்த்த நாளில், அதே மதிய உணவும் அதே இரவு உணவும் சர்க்கரையை மேலும் உயர்த்தின.

தானியத்தைப் பற்றிய அறிவு இப்பகுதிக்கு அருகிலேயே பிறந்தது. குன்னூரில் மக்கரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1920களில் இந்தியாவின் பல்வேறு வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டது. தீட்டிய அரிசியைச் சார்ந்த சென்னை உணவு அவ்வரிசையில் கீழிடம் பெற்றது. அவ்வாய்வுக்கூடத்தின் வழிவந்த ஊட்டச்சத்து ஆய்வகத்திலிருந்து இராமநாதனும் சி. கோபாலனும் எழுதிய கட்டுரை 1957இல் வெளிவந்தது. வெவ்வேறு தானியங்கள் இரத்தச் சர்க்கரையை எவ்வாறு உயர்த்துகின்றன என்பதே அதன் பொருள். கொள்ளேகால் சென்னை மாநிலத்தை விட்டு நீங்கிய மறு ஆண்டு அது. டொராண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் 62 உணவுகளைச் சோதித்துச் 'சர்க்கரை உயர்த்தும் குறியீடு' என்னும் அளவை முன்வைத்தது 1981இல். அவருடைய பட்டியலில், மேலை நாட்டுக் காலை உணவின் அடையாளமான சோளச் செதில் உயர்ந்த எண்ணைப் பெற்றிருந்தது. காலையில் உண்பது மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று.

ராகிக்கும் இதே நெறி பொருந்தும். முழுத் தானியத்தின் நார்ச்சத்தும் மேலுறையில் உள்ள பாலிபீனால்களும் மாவுச்சத்து செரிக்கும் வேகத்தைக் குறைக்கின்றன. களி கெட்டியாக இருப்பதும், ஆறிய மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்கக் கடினமாக மாறுவதும் அதற்குத் துணை. அதே ராகியை நுண்ணிய மாவாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சி, சர்க்கரை கலந்து குடித்தால் அத்தடைகளில் பெரும்பாலானவை நீங்கிவிடும். பெயர் ராகியாக இருந்தாலும் உடல் அதை வேறு உணவாகவே ஏற்கிறது.

மருத்துவம் இச்சிக்கலை எதிர்கொண்ட இடங்களில் சென்னை முதன்மையானது. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய மு. விஸ்வநாதன், 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனை நிறுவினார். மாவுச்சத்தை வெட்டும் மேலை நாட்டு உணவுமுறை தென்னிந்தியருக்கு ஒத்துவராது என்று கண்டு, மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவுமுறையை அவர் வலியுறுத்தினார். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. 1907இல் கல்கத்தாவின் ஒரு வகுப்பினருக்கு உரியதாகப் பேசப்பட்ட நோய் சிற்றூர்களையும் அடைந்துவிட்டது.

சிற்றூரில் அது வேறொரு ஆபத்தையும் உடன் கொண்டுவருகிறது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் உணவு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. விடியற்காலையில் மாத்திரையை விழுங்கி, தேநீர் மட்டும் குடித்து, தோட்ட வேலைக்கோ கட்டட வேலைக்கோ செல்பவருக்கு முற்பகலில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியவை வெயிலின் களைப்பாகவே எண்ணப்படும். மாத்திரைச் சீட்டில் 'உணவுக்கு முன்' என்று எழுதும் மருத்துவர், அதன் பின் ஓர் உணவு இருக்கும் என்று கருதியே எழுதுகிறார். அந்த உணவுக்கு வேலை நேரம் இடம்கொடுக்கிறதா என்பது மருந்தியல் கேள்வியாகத் தோன்றாது. ஆயினும் மருந்தின் பயனைத் தீர்மானிப்பது அதுவே.

அண்மைய அரசுத் திட்டங்கள் இம்மூன்று கூறுகளையும் தனித்தனியே தொடுகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பள்ளிக் குழந்தைகளின் காலை நேரத்தை மீட்டது. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டான 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் நியாயவிலைக் கடைகள் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கின. மருந்து, நேரம், தானியம் மூன்றும் மூன்று துறைகளின் கோப்புகளில் உள்ளன. உழைப்பவரின் காலை வேலை நேரம் இவற்றில் எதிலும் இல்லை.

பழையதை உண்ட உழவருக்கு உணவைப் பற்றிய நூலறிவு இல்லை. ஆனால் அவர் உண்ட பின்னரே ஏர் பூட்டினார். அந்த வரிசை அவர் வறுமையிலும் குலையாதிருந்தது. ராகியை மீண்டும் பயிரிடலாம், கடையிலும் வழங்கலாம். வேலைக்கு முன் உட்கார்ந்து உண்ணும் கால் மணி நேரத்தைக் கூலி உழைப்பாளருக்கு யார் வழங்குவது என்பதே காலை உணவின் வரலாறு நிகழ்காலத்திடம் கேட்கும் கேள்வி.