கேமிங் பிசி வாங்கப் போறீங்களா? பணம் எங்கே போகணும், எங்கே போகக்கூடாது? புதுச்சேரிக்காரங்களுக்கு முழு விளக்கம்

‘பைக் வேணும்’ என்று பிள்ளைகள் அடம்பிடித்த காலம் போய், ‘கேமிங் பிசி வேணும்’ என்று கேட்கும் காலம் இது. பல வீடுகளில் அது அப்பாவின் ஒன்றிரண்டு மாதச் சம்பளம். கடைக்குப் போனால் ஆர்ஜிபி லைட் மின்னும் கேபினெட்டைக் காட்டி, ‘பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டாச்சு, எந்த கேமும் ஓடும்’ என்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஆடிப் பார்த்தால் துப்பாக்கிச் சண்டை நடக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் திரை திக்குகிறது.

என்ன தப்பு நடந்தது? போட்டிக்காக ஆடுபவர்களின் பிசிக்கும், கதை கேம் ஆடுபவர்களின் பிசிக்கும் என்ன வித்தியாசம்? கடலோர ஊரான புதுச்சேரியில் கூடுதலாக என்ன கவனிக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: எந்த கேம்?

பட்ஜெட்டுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. பிள்ளை ஆடுவது பிஜிஎம்ஐ என்றால் பிசியே தேவையில்லை. அது மொபைலுக்கான கேம். பிசியில் எமுலேட்டர் போட்டு ஆட அதில் அதிகாரபூர்வ அனுமதியும் கிடையாது. அந்தப் பணத்தில் நல்ல போன் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்றவைதான் பிசியில் போட்டியாக நடப்பவை. இவை எல்லாமே பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்படி உருவாக்கப்பட்டவை. உதாரணமாக, வாலரன்ட் நொடிக்கு 144 ஃப்ரேம் ஓடுவதற்கு அந்த நிறுவனம் பரிந்துரைக்கும் கார்டு, 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 குறைந்தபட்சமாகக் கேட்பது 8 ஜிபி ரேம், 85 ஜிபி இடம்.

அப்படியென்றால் லட்ச ரூபாய் கார்டு எதற்கு? இந்த கேம்களுக்குத் தேவையே இல்லை என்பதுதான் நேர்மையான பதில்.

எஃப்பிஎஸ் கணக்கு: சராசரியை மட்டும் நம்பாதீங்க

திரையில் ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதுதான் எஃப்பிஎஸ். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி செகண்ட். 144 ஹெர்ட்ஸில் அது 6.9. 240 ஹெர்ட்ஸில் 4.2. மூலையில் இருந்து எட்டிப்பார்க்கும் எதிரியை யார் முதலில் பார்க்கிறார் என்பதில் இந்தச் சின்ன இடைவெளியும் சேர்கிறது.

60-ல் இருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் மிச்சம். 144-ல் இருந்து 240-க்குப் போனால் மிச்சம் 2.7 மட்டுமே. முதல் படிக்குச் செலவு செய்வது நியாயம். அடுத்த படி கையில் காசு இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

‘சராசரி 250 எஃப்பிஎஸ் வருது’ என்று கடையில் சொல்லும்போது, ‘1% லோ எவ்வளவு?’ என்று கேளுங்கள். ஆட்டத்தின் மிக மோசமான தருணங்களில் ஃப்ரேம் எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதைச் சொல்லும் கணக்கு அது. சராசரி 250 இருந்து, புகைக்குண்டு வெடிக்கும் நேரத்தில் 60-க்கு விழுந்தால் அந்த ரவுண்டு போச்சு. சராசரி 180 இருந்து 130-க்குக் கீழே இறங்காத பிசிதான் போட்டிக்கு நல்லது.

ப்ராசஸர்தான் ஹீரோ

போட்டி ஆட்டக்காரர்கள் கிராஃபிக்ஸை ‘லோ’வில் வைத்து, 1080பி அல்லது அதற்கும் கீழான ரெசல்யூஷனில் ஆடுவது வழக்கம். அப்படி ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை குறைவு. ஒவ்வொரு ஃப்ரேமிலும் யார் எங்கே ஓடுகிறார், குண்டு எங்கே பட்டது என்று கணக்குப் போடுவது ப்ராசஸர். அது திணறினால் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கும்.

இந்த வேலையில் ப்ராசஸருக்குள் இருக்கும் ‘எல்3 கேஷ்’ என்ற உடனடி நினைவகம் பெரிதாகக் கை கொடுக்கிறது. ஏஎம்டி-யின் ரைசன் 7 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி போன்றவற்றில் இது 96 எம்பி. போட்டி ஆட்டக்காரர்கள் இவற்றைத் தேடிப் போவது இதனால்தான். ஆனால் விலை அதிகம். நடுத்தர பட்ஜெட்டுக்கு 6 கோர் உள்ள ரைசன் 5 7600, அதற்கும் கீழே ரைசன் 5 5600, இன்டெல் ஐ5 12400எஃப் போன்றவை போதும்.

பெயரில் ஏமாறாதீர்கள். ரைசன் 5 5600-ல் எல்3 கேஷ் 32 எம்பி. பெயரில் ஒட்டிப் பிறந்தது போல இருக்கும் 5500, 5600ஜி இரண்டிலும் 16 எம்பிதான். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று சொன்னால் ஒத்துக்காதீங்க.

செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13, 14-ம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்குவோர் கவனிக்கணும். அந்தத் தலைமுறையின் சில டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் கெட்டுப்போவதை 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டு, வாரன்ட்டியை 2 ஆண்டு நீட்டித்தது. பயாஸ் அப்டேட் செய்யப்பட்டதா, வாரன்ட்டி மீதி இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டு: ஒரே பெயர், இரண்டு கார்டு

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு விற்கின்றன. 6 ஜிபி கார்டில் மெமரி மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கோர்களும் குறைவு. பில்லில் ஜிபி அளவோடு முழுப் பெயரும் எழுதச் சொல்வது நல்லது.

பழைய கார்டு வாங்கினால் இன்னும் உஷார். எத்தீரியம் கிரிப்டோ 2022 செப்டம்பரில் மைனிங் முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. பழைய கார்டில் புதிய கார்டின் பெயரைப் பதிந்து விற்கும் மோசடியும் உண்டு. ‘ஜிபியு-இசட்’ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால் பல போலிகள் மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரேம்: ஒன்றா, இரண்டா?

16 ஜிபி ஒரே ஸ்டிக் வாங்குவதைவிட, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குவது நல்லது. இரண்டு வழியில் தகவல் போகும்போது 1% லோ உயரும். அடுத்து, பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வசதியை ‘ஆன்’ செய்யணும். இல்லாவிட்டால் 6000 வேக ரேம் வாங்கியும் 4800-ல்தான் ஓடும். பணம் கொடுத்த வேகம் பெட்டிக்குள்ளேயே தூங்கும்.

ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. மைக்ரான் நிறுவனம் தன் ‘குரூசியல்’ ரேம், எஸ்எஸ்டி-க்களை நுகர்வோர் சந்தையில் இருந்து விலக்கிக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன விலையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள். அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

மானிட்டர்: வாங்கியும் வீணாகும் பொருள்

24 இன்ச், 1080பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் உள்ள ஐபிஎஸ் மானிட்டர் போதும். வாங்கிய பிறகு இரண்டு விஷயம் செய்யணும். ஒன்று, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகணும். இரண்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் 144 ஹெர்ட்ஸைத் தேர்வு செய்யணும். இதைச் செய்யாமல், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாதக்கணக்கில் 60-லேயே ஓட்டுபவர்கள் உண்டு.

புதுச்சேரியின் எதிரிகள்: உப்புக்காற்று, வெயில், கரண்ட்

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், ஒயிட் டவுன் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகம் தெரியும். அதே உப்பும் ஈரப்பதமும் பிசிக்குள்ளும் போகும். பிசியைக் கடல் பார்த்த ஜன்னல் ஓரம் வைக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசு தட்டி, ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

ஏசி இல்லாத அறையில் அக்னி நட்சத்திர வெயில் வேறு. 22 டிகிரி அறையில் 72 டிகிரி காட்டும் ப்ராசஸர், 35 டிகிரி அறையில் கிட்டத்தட்ட 85-ஐத் தொடும். சூடு எல்லை மீறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி உள்ள கேபினெட் பார்க்க அழகு. வலை போட்ட முன்பக்கம் உள்ளதுதான் இந்த ஊருக்குச் சரி.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் என இரண்டையும் பார்த்த ஊர் இது. ஃபெஞ்சலின்போது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பிசியைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் வைக்கணும். புயல் எச்சரிக்கை வந்ததும் பிளக்கையும் நெட் கேபிளையும் கழற்றிவிடணும்.

பெயர் தெரியாத பவர் சப்ளை வெடித்தால் அது தனியாகப் போகாது. மதர்போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகும். நடுத்தர பிசிக்கு நம்பகமான நிறுவனத்தின் 550 முதல் 650 வாட் பவர் சப்ளை போதும். யுபிஎஸ் வாங்கும்போது ‘விஏ’வும் வாட்டும் ஒன்றல்ல என்பதை மறக்காதீங்க. 600 விஏ என்று எழுதியிருந்தால் அது தாங்குவது பொதுவாக 360 வாட் அளவுக்குத்தான். கேமிங் பிசிக்கு 1000 விஏ-க்குக் குறையாமல் பாருங்கள். வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பிங்: பணத்தால் வாங்க முடியாதது

வாலரன்ட்டின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது. புதுச்சேரியில் இருந்து நேர்கோட்டில் சுமார் 1,100 கி.மீ. ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் போகிறது. போய்த் திரும்ப குறைந்தது 11 மில்லி செகண்ட். கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் இன்னும் அதிகம். எத்தனை லட்சத்துக்கு பிசி வாங்கினாலும் இந்த 11-ஐக் குறைக்க முடியாது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்கு சென்னையிலும் சர்வர் உண்டு என்பதால் அதில் கொஞ்சம் வசதி.

நம் கையில் இருப்பது ஒன்றுதான். வைஃபையை விட்டுவிட்டு, ரூட்டரில் இருந்து லேன் கேபிள் இழுத்துக்கொள்வது. சில நூறு ரூபாய் கேபிள், பல ஆயிரம் ரூபாய் கார்டு செய்யாததைச் செய்யும்.

‘பிரான்ஸ்ல இருந்து மாமா கொண்டு வருவாரு’

1962-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. உறவினர் வரும்போது கார்டோ லேப்டாப்போ கொண்டு வருவது வழக்கம். மின்சாரத்தில் பிரச்னை இல்லை. இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. ஆனால் அங்கே வாங்கும் பொருளுக்குச் சட்டப்படி உள்ள 2 ஆண்டு உத்தரவாதத்தை, விற்ற கடையிடம்தான் கேட்க முடியும். பழுதானால் மாமா மறுபடி ஊருக்குப் போகும் வரை காத்திருக்கணும்.

கீபோர்டையும் கவனியுங்கள். பிரெஞ்சு கீபோர்டின் எழுத்து வரிசையே வேறு. கேமில் நடக்கப் பயன்படும் நான்கு எழுத்துகளில் இரண்டு அதில் இடம் மாறி இருக்கும்.

‘பாண்டியில வரி கம்மி’ என்பதும் பழைய கதை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு, கம்ப்யூட்டர் பாகங்களுக்கு நாடு முழுக்க 18%. நேரு வீதியில் வாங்கினாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் வரி ஒன்றே. வித்தியாசம் கடைக்காரரின் லாபத்தில்தான். சென்னைக்கு ஈசிஆர் வழியாக சுமார் 150 கி.மீ. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக அங்கே வாங்கினால், பழுதுக்கும் அங்கேதான் பஸ் ஏறணும்.

பெற்றோர் கேட்கும் கேள்வி: இது விளையாட்டா, சூதாட்டமா?

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டு வந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக நடந்தபோது இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2023-ல் ஹாங்சோவில் அது பதக்கப் போட்டியாகவே நடந்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. இரண்டும் வேறு வேறு. ஆனால் இதில் சம்பாதிக்கும் நிலைக்குப் போவது மிகச் சிலரே. அதனால் படிப்புக்கும் உதவும் பிசியாக வாங்குவதே பாதுகாப்பு.

100 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

* ப்ராசஸர், மதர்போர்டு: 30
* கிராஃபிக்ஸ் கார்டு: 25
* மானிட்டர்: 15
* ரேம், எஸ்எஸ்டி: 15
* பவர் சப்ளை, கேபினெட்: 10
* யுபிஎஸ்: 5

ரேம் விலை ஏறியிருக்கும் நேரத்தில் கார்டில் கொஞ்சம் குறைத்து, ரேமுக்குக் கொடுங்கள். பவர் சப்ளை, யுபிஎஸ் இரண்டிலும் கை வைக்க வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை

* ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் இருக்கிறதா?
* பழுதானால் எந்த ஊர் சர்வீஸ் சென்டர்? கடையே அனுப்பி வாங்கித் தருமா?
* விண்டோஸ் 11, டிபிஎம் 2.0, செக்யூர் பூட் மூன்றும் இயங்குகிறதா? விண்டோஸ் 11-ல் இவை இரண்டும் இல்லாவிட்டால் வாலரன்ட் திறக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.
* உங்கள் பிள்ளை ஆடும் கேமையே 20 நிமிடம் ஓட்டிக் காட்டுவார்களா?

கடைசிக் கேள்விக்கு ‘ஓட்டிப் பாருங்க’ என்று சொல்லும் கடையில் வாங்குங்கள். ‘அதெல்லாம் நல்லா ஓடும், பில் போடவா?’ என்று அவசரப்படுத்தினால், அடுத்த கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வாங்க.