கசடு எங்கே போனது?

பாலாறு கெட்ட கதையைச் சொல்பவர்கள் தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலின் வரலாற்றைத் திடக்கழிவின் வரலாறாகவே எழுத வேண்டும் என்பது என் கருத்து. தொழில்முறை மாறியபோதெல்லாம் கசடு தொலையவில்லை, இடம்தான் மாறியது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலும் சுண்ணாம்பு, முடி, சவ்வு எல்லாம் வெளியே வந்துகொண்டுதான் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பால் பதனிடும் முறையைச் சோதித்துக் காட்டினார். இந்த வட்டாரத்தில் அது பரவியது 1970-களில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு. வாரக்கணக்கில் நடந்த வேலை சுருங்கியது; கசடில் குரோமியம் சேர்ந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றும், சுத்திகரிப்பு இல்லாமல் ஆலை நடக்கக் கூடாது என்றும் ஆனது. அந்தச் சுத்திகரிப்புக்காக ஆலைகள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியைப் பாருங்கள். அடியிலிருந்து ஏறும் குமிழ்கள் நீரைக் கலக்கி மண்டியை மேலே தூக்குகின்றன. எடை அதைக் கீழே இழுக்கிறது. குமிழ்களால் கலக்கும் குமிழ்த்தூண் உலைகளுக்கு வேதிப்பொறியாளர்கள் எழுதும் சமன்பாடுகளும் இந்த இழுபறியைப் பற்றியவைதான். துகள் அடியில் அடர்ந்து, உயரே போகப் போகக் குறையும். துகள் பருத்தால் அந்தக் குறைவு இன்னும் வேகமாகும். காற்றுத் துளைகளைச் சுண்ணப் படிவு அடைத்தால் மூலைகளில் மண்டி தங்கி அழுகும், அழுகிய முட்டை வாடை கிளம்பும். வெளியேறும் நீரை மட்டும் சோதிப்பவருக்கு அந்த மூலை தெரியாமலே போகலாம்.

நிலத்தைக் கெடுத்தது கரைந்த உப்புதான், கசடு அல்ல என்பார்கள். உப்பின் பங்கு பெரிதுதான். குமிழ் விடுவதாலும் படியவைப்பதாலும் அதை நீக்க முடியாது. எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கியும் அதற்காகவே வந்தன. ஆனால் ஆவியாக்கி கடைசியில் கொடுப்பதும் உப்புக் குவியலே. மழை பட்டால் அது மறுபடி நிலத்துக்குத்தான் போகும்.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றில் கலக்காமல் பிரித்தெடுத்து வைத்த கசடு அது. அதனால், எவ்வளவு நீரைச் சுத்திகரித்தோம் என்று சொல்லும் நிலையங்கள், எவ்வளவு திடப்பொருள் உள்ளே வந்தது, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற எடைக்கணக்கையும் ஊரறிய வெளியிட வேண்டும்.