பிறையின் கொம்புகள்

நிலவின் கலை உலகம் முழுவதற்கும் ஒன்றே. வானில் அது நிற்கும் கோலம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. சென்னையில் அரைநிலா தெரியும் நாளில் லண்டனிலும் சிட்னியிலும் அரைநிலாதான். ஆனால் வளர்பிறையின் ஒளிப்பக்கம் லண்டன்வாசிக்கு வலப்புறம், சிட்னிவாசிக்கு இடப்புறம். முன்னவர் தெற்கு நோக்கி நிலவைப் பார்க்கிறார், பின்னவர் வடக்கு நோக்கி. நிலவின் முகத்திலுள்ள முயலும் சிட்னியில் தலைகீழாகத் தெரியும்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் இந்த இடவல வழக்கு எடுபடாது. அங்கே சூரியனும் அதன் பின்னே பிறையும் ஏறத்தாழச் செங்குத்தாக மேற்கில் இறங்குகின்றன. அதனால் ஒளிப்பக்கம் கீழேயும் கொம்புகள் மேலேயும் அமைந்து, மூன்றாம் பிறை படகுபோல் மிதக்கும். சிங்கப்பூர், கொழும்பு, கன்னியாகுமரி எங்கும் இதுதான் காட்சி; பருவத்துக்கேற்பச் சற்றுச் சாயும், அவ்வளவே. சென்னையில் மார்ச் மாதப் பிறை நன்றாக மல்லாந்திருக்கும். செப்டம்பரில் வடகொம்பு தூக்கலாக நிற்கும். மொரிட்டானியா நாட்டுக் கொடியில் இருப்பதும் மல்லாந்த பிறையே.

இந்தக் கொம்பு உயர்வை இந்திய வானியலார் சிருங்கோன்னதி என்ற பெயரில் தனிக் கணக்காகவே வளர்த்தனர். நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை, சூரியனை நோக்கிய பாதியே ஒளிர்கிறது என்று 499-இல் ஆரியபடர் எழுதியது அதற்கு அடித்தளம். பிரம்மகுப்தர் 628-இல் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தின் ஏழாம் அத்தியாயமும், சூரிய சித்தாந்தத்தின் பத்தாம் அத்தியாயமும் இதற்கென்றே அமைந்தவை. முறை எளிது. சூரியனை ஒரு புள்ளியாகக் குறித்து, தென்வடல் வேறுபாட்டைப் புஜமாகவும் உயர வேறுபாட்டைக் கோடியாகவும் வைத்து முக்கோணம் வரைவார்கள். அதன் கர்ண முனையில் நிலவுவட்டத்தைப் போட்டு, ஒளிரும் பகுதியை வில்லாக வெட்டினால் எந்தக் கொம்பு உயரும் என்பது கண்ணெதிரே நிற்கும்.

ஆறாம் நூற்றாண்டில், அவந்தி நாட்டு வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் இதற்குப் பலனும் சொன்னார்: படகுப் பிறை வந்தால் கப்பலோட்டிகளுக்குத் துன்பம், கலப்பைப் பிறை வந்தால் உழவருக்கு. அந்நாட்டின் உஜ்ஜயினி வானத்துக்கு எழுதிய பலன் அது. நிலநடுக்கோட்டுக் கடலோடிகள் இதை நம்பியிருந்தால் பாதி மாதங்கள் கரையிலேயே கிடந்திருப்பார்கள்.

துருவங்களில் கதை வேறு. வட துருவத்தின் நடுக்குளிர் இருளில் அரைநிலாவாக எழும் வளர்பிறை, முழுநிலாவாகி, தேய்ந்து மீண்டும் அரைநிலாவாகும் வரை, ஏறத்தாழ இரண்டு வாரம் மறையாமல் அடிவானைச் சுற்றும். அங்கே நடுக்கோடையில் முழுநிலாவே தெரியாது.

கலை ஒன்றே ஆனாலும் வானில் பிறை நிற்கும் கோலம் இப்படி இடத்துக்கு இடம் மாறுவதால், அது முதலில் தென்படும் நாள் நாட்டுக்கு நாடு ஒரு நாள் முந்திப் பிந்துவதும் இயற்கையே. யாருடைய பிழையும் அல்ல.

இக்காலத்தில் இந்தப் பிறைக் கணக்குகளெல்லாம் கணினி வேலை. நாசா ஆண்டுதோறும் வடகோளத்துக்கு ஒன்று, தென்கோளத்துக்கு ஒன்று எனக் கலைகளின் காணொளிகளை வெளியிடுகிறது. இரண்டுமே சென்னையின் மாலைப் பிறைக்குப் பொருந்துவதில்லை.