விரிவுரையை அளந்த வினாத்தாள்: இயற்பியல் கற்பித்தல் ஆய்வின் ஒரு திருப்புமுனை

அறிவியல் பேராசிரியர் ஆய்வகத்தில் அளவீடின்றி எம்முடிவையும் ஏற்பதில்லை. வகுப்பறையிலோ, தாம் விளக்கியது மாணவர்க்கு விளங்கிவிட்டது என்பதை அளவீடின்றியே ஏற்றுக்கொள்கிறார். இயற்பியலாளர்கள் இந்நம்பிக்கையை ஆய்வுக்குட்படுத்திய வரலாற்றில் 1985ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது.

அவ்வாண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராகிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டெனஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, இயக்கவியல் குறித்த ஒரே வினாத்தாளைப் பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர்க்கு அளித்து ஒப்பிட்டது. பாடத்தை நடத்தியோர் நால்வர். ஒருவர் கருத்துகளின் தருக்க ஒழுங்கை வலியுறுத்தினார். மற்றொருவர் செய்முறை விளக்கங்களுக்கு மிகுதியும் உழைத்தவர். சிறந்த ஆசிரியருக்கான விருதை இருமுறை பெற்றவர். மூன்றாமவர் கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்த்துக்காட்டினார். நான்காமவர் அப்பாடத்தை முதன்முறையாக நடத்தியவர், நூலையொட்டியே சென்றார். நான்கு வகுப்புகளிலும் மாணவர் பெற்ற முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றே, அதுவும் சிறிதே. இம்முடிவு தனிப்பட்ட ஆசிரியர் எவரையும் குறைகூறவில்லை. அனைவருக்கும் பொதுவாயிருந்த விரிவுரை முறையின் எல்லையையே அது சுட்டியது எனலாம்.

இதன் வளர்ச்சியாக 1992இல் விசைக் கருத்தாக்க வினாநிரல் வெளிவந்தது. அதில் கணக்கீடு இல்லை. லாரியும் சிறு காரும் மோதும்போது எதன் விசை மிகுதி என்பன போன்ற அன்றாட வினாக்களே உள்ளன. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிழையின்றி எழுதும் மாணவர் பலரும் லாரியின் விசையே மிகுதி என்றனர். ஹார்வர்டில் எரிக் மஸூர் இத்தகைய வினாக்களை அளித்தபோது, கற்பித்தபடி விடையளிப்பதா, தாம் எண்ணுகிறபடி விடையளிப்பதா என மாணவி ஒருவர் வினவினார். மஸூர் சகமாணவர் கலந்துரையாடல் முறைக்கு மாறியதற்கு இவ்வனுபவமே காரணமாயிற்று.

1998இல் ரிச்சர்டு ஹேக் 62 பாடவகுப்புகளின், 6000க்கு மேற்பட்ட மாணவர்களின் தரவுகளைத் தொகுத்தார். அடையக்கூடிய முன்னேற்றத்தில் மாணவர் அடைந்த பங்கு, மரபுவழி வகுப்புகளில் சராசரியாக 0.23, மாணவர் பங்கேற்பு வகுப்புகளில் 0.48. தரவுகள் ஆசிரியர்கள் தாமே முன்வந்து அளித்தவை என்பதால் தெரிவுச் சார்பு உண்டு என்பதை மறுக்க இயலாது. எனினும், மரபுவழி வகுப்புகள் 14இல் ஒன்றேனும் 0.3ஐ எட்டவில்லை.

நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் குழுவினர் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தி 2011இல் வெளியிட்ட ஒப்பாய்வு கட்டுப்பாட்டுக் குழுவுடன் அமைந்தது. மாணவரிடையே நன்மதிப்புப் பெற்ற, அனுபவமிக்க விரிவுரையாளரின் வகுப்பு சராசரியாக 41 விழுக்காடும், ஆய்வுவழி முறைகளில் பயிற்சி பெற்ற, அனுபவம் குறைந்தவர் நடத்திய வகுப்பு 74 விழுக்காடும் பெற்றன. ஆய்வுக்காலம் ஒரு வாரமே. கற்றது எத்துணைக் காலம் நிலைத்தது என்பதை அவ்வெண்கள் கூறவில்லை.